வேதபாட வேளையில் மற்றப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது?

ஒரு வாசகரின் கேள்வி – ஜூன் 20, 2024

நெல்லைச் சீமையில் ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். திருச்சபை நிர்வாகம். எனக்கு நான்காம் வகுப்பு. காலையில் முதல் பாடவேளை வேதபாடம், அதாவது பைபிள் பாடம். வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் மூவர். வேதபாடம் தொடங்கியதும் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளை வெளியே அனுப்பி நீதிபோதனை நடத்துவது வழக்கம் என்கிறார்கள். "கிறிஸ்தவ நற்பண்புகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊட்டுங்கள்" என்றும் தாளாளர் சொல்கிறார். வெளியே போன பிள்ளைக்கு நான் எதை ஊட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 20, இரவு

வெளியே அனுப்பாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

நானும் இப்படிப்பட்ட ஒரு சபைப் பள்ளியில் ஆசிரியர்தான். எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. வேதபாடத்தை ஒருவர் எடுத்தால் நீதிபோதனையை இன்னொருவர் எடுக்க வேண்டும் என்பது ஏட்டில் உள்ள ஏற்பாடு. முன்பெல்லாம் நடப்பில் தலைமையாசிரியர் எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவேற்றத்தில் மூழ்கியிருப்பார். நீதிபோதனைப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரே குறளைப் பத்து முறை எழுதிக்கொண்டிருப்பார்கள். வள்ளுவரைத் தண்டனை எழுத்தாக மாற்றிய பெருமை எங்களைச் சேரும். உள்ளே கதை, பாட்டு, கைதட்டல். வெளியே மண், எறும்பு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவர்களை விரட்டுவது ஐந்தாம் வகுப்புத் தலைவனின் வேலை.

முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குத் தன் பக்கத்தில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும், மதம் ஒரு பொருட்டாக இருக்காது. மணி அடித்ததும் நீ எழு, நீ உட்கார் என்று நாம் பிரிக்கிறபோதுதான் அது மனத்தில் ஏறுகிறது. ஜூன் முடிவதற்குள் 'வேதக்காரப் பிள்ளைகள்', 'மரத்தடிப் பிள்ளைகள்' என்று அவர்களே பெயர் வைத்துவிடுகிறார்கள். வேதபாடத்தில் அன்று என்ன கதை சொன்னோம் என்பதை மறப்பார்கள், இதை மறக்கமாட்டார்கள்.

ஜூன் 21

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் நடத்தலாம், ஆனால் அதில் பங்கேற்கவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி பள்ளி நிறுவி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் இருக்கிறது. நிர்வாகக் கூட்டங்களில் 30ஐ மூச்சுக்கு மூச்சு கேட்கலாம். கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற 28இன் மூன்றாம் உட்பிரிவை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே நேற்று நான் எழுதியதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் உள்ளே உட்கார வைப்பதென்றால் வீட்டில் கேட்டுவிட்டு உட்கார வைக்க வேண்டும்.

ஜூன் 22

"எண்ணும் எழுத்தும் பதிவேடுகளை முடிக்கவே நேரமில்லை, இதில் வேதபாடம் வேறா?" என்று ஒரு நண்பர். (எண்ணும் எழுத்தும் என்பது தொடக்க வகுப்புகளுக்கான அரசின் அடிப்படைக் கல்வித் திட்டம்.) உண்மைதான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து முடிப்பதற்குள் மோசே செங்கடலைக் கடந்து கானான் எல்லைக்கே போய்விடுகிறார்.

ஜூன் 25

கதை சொல்வது என்றால் எப்படி என்று கேட்டவருக்குச் சற்று விரிவாக.

மத்தேயு 20ஆம் அதிகாரம், திராட்சைத் தோட்டக் கூலியாட்கள். தோட்டக்காரர் விடியற்காலையில் சிலரை நாளுக்கு ஒரு பணம் என்று பேசி வேலைக்கு அமர்த்துகிறார். பிறகு ஒன்பது மணிக்குச் சிலர், நண்பகலில் சிலர், மூன்று மணிக்குச் சிலர், பொழுது சாய ஐந்து மணிக்கும் சிலர். கூலி கொடுக்கிறபோது கடைசியில் வந்தவருக்கும் ஒரு பணம், காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவருக்கும் ஒரு பணம்.

இதைச் சென்ற ஆண்டு நான்காம் வகுப்பில் சொன்னேன். கூச்சல். "அநியாயம் டீச்சர்!" என்று முதலில் எழுந்தவன் உபதேசியார் வீட்டுப் பேரன். அடுத்து ஒரு பெண் பிள்ளை. அவள் அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, சரியில்லை என்று ஒதுக்கியதற்குக் காசு கிடையாது. "எங்கம்மா ராத்திரி வரை உட்கார்ந்தால்தான் ஆயிரம் முடியும். சாயங்காலம் வந்து நூறு பீடி சுற்றினவங்களுக்கும் அதே கூலியா?" என்றாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நூறு நாள் வேலையில் அப்படித்தான் கொடுக்கிறாங்க." வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சத்தம் அடங்கிய பிறகு ஒரு முஸ்லிம் பையன் சொன்னான். அவன் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். காலையில் சந்திப்பில் போய் நிற்பார், மேஸ்திரிகள் வந்து ஆளைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள், சில நாள் யாரும் கூப்பிடாமல் பத்து மணிக்குச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்பி வருவார். "ஐந்து மணிக்கு வந்தவங்க சோம்பேறி இல்ல டீச்சர். கூப்பிட ஆள் இல்ல. அவங்க வீட்டிலும் அரிசி வாங்கணும்ல." (பிள்ளைகள் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அந்த உவமையை நான் எத்தனையோ ஞாயிறு பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கடைசி நேரத்தில் மனந்திரும்பியவர்களுக்கும் பரலோகம் உண்டு என்பதுதான் வழக்கமான விளக்கம். சந்திப்பில் நிற்கும் ஆளின் பக்கமிருந்து யாரும் பேசவில்லை.

இப்போது வேதபாடக் கையேட்டைப் பாருங்கள். 'கோடிட்ட இடத்தை நிரப்புக: தோட்டக்காரர் கொடுத்த கூலி ____.' அதற்குக் கீழே 'இதிலிருந்து நாம் அறிவது' என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் பையன் வாயே திறந்திருக்கமாட்டான். இன்னொன்று, அன்று பழைய வழக்கப்படி அவன் மரத்தடியில் இருந்திருந்தால்?

ஜூன் 26

"கதையைச் சொன்னாலே பிரசாரம்தான்" என்று ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். இருக்கலாம், சொல்கிற விதத்தைப் பொறுத்தது. போதிப்பதும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் பேசியிருக்கிறது. தேசியக் கலைத்திட்டத்தில் எல்லாச் சமயங்களைப் பற்றியும் கற்பிக்கலாம் என்பதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, தள்ளுபடியானது. கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள் என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்வது அறிவு. நீ இப்படி நம்பு, இல்லாவிட்டால் உனக்கு இன்னது நேரும் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் வழுக்குகிற இடம் நிறைய இருக்கிறது. ஆசிரியருக்கு அது வழுக்குகிற இடம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

ஜூன் 30

வழுக்குகிற இடத்துக்கு ஓர் உதாரணம் கேட்டார்கள். பத்துக் கட்டளைகள்.

வகுப்புச் சுவரில் பத்துக் கட்டளை அட்டை தொங்குகிறது. இரண்டாவது கட்டளை விக்கிரகம் உண்டாக்காதே, வணங்காதே என்பது. திருநெல்வேலிச் சீமையில் இதை ஒரு கலப்பு வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்கிறோம். வாசிக்கிற பிள்ளையின் குலதெய்வம் சுடலைமாடன், வாசல் தாண்டினால் பீடம், ஆண்டுதோறும் கோயில் கொடைவிழாவுக்கு வரி கொடுக்கிற வீடு. அவள் கேட்டாள்: "அப்ப எங்க வீட்டு சாமி?"

நான் பதில் சொல்வதற்குள் முன்பெஞ்சு முந்திக்கொண்டது: "அது பேய்."

சொன்னவன் வேதபாடத் தேர்வில் முதல் பரிசு வாங்குகிறவன். வசனம் கேட்டால் அதிகார எண்ணோடு ஒப்பிப்பான். 'பேய்' என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தான் என்று விசாரித்தேன். பெற்றோரோடு போன ஏதோ ஒரு எழுப்புதல் பிரசங்கக் கூட்டத்தில்.

அந்தப் பெண் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: "இந்தக் கட்டளைகளை மோசே வழியாகக் கடவுள் இஸ்ரவேல் மக்களுக்குக் கொடுத்ததாக வேதம் சொல்கிறது. கிறிஸ்தவர்கள் அவற்றைத் தங்களுக்கும் உரியவையாக எடுத்துக்கொண்டார்கள். உன் வீட்டில் எப்படிக் கும்பிடுவது என்பதை உன் ஆச்சியிடம் கேள்." பையனிடம் அட்டையில் ஒன்பதாம் கட்டளையை வாசிக்கச் சொன்னேன். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது. "நீ சுடலைமாடனைப் பார்த்திருக்கிறாயா?" "இல்லை." "பிறகு எப்படிச் சாட்சி சொன்னாய்?" முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் திருந்தினான், இருவரும் கைகோத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுத ஒன்றுமில்லை. மறுநாள் அவன் அம்மா வந்து, பிள்ளைக்கு விசுவாசத்தைக் கெடுக்கிறீர்களா என்று கேட்டார்.

அம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். தாளாளர் வரை போனது.

ஜூலை 3

கத்தோலிக்க வாசகர் ஒருவர், "எங்களுக்கு ஒன்பதாம் கட்டளை அது இல்லையே" என்று திருத்தியிருக்கிறார். சரிதான். கத்தோலிக்கர் எண்ணும் முறையில் விக்கிரகத்தைப் பற்றியது முதல் கட்டளையோடு சேர்ந்துவிடும், பொய்ச்சாட்சி எட்டாவது, கடைசியில் உள்ள ஆசைகளை ஒன்பது, பத்து என்று இரண்டாகப் பிரிப்பார்கள். லூத்தரன் சபை வழக்கமும் இப்படித்தான். அடுத்த முறை என் வகுப்பில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை 'பொய்ச்சாட்சி எட்டாவது' என்று சொன்னால் தவறு போட்டுவிடக் கூடாது. வேதக்காரப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி என்று நினைத்துப் பாடம் எடுக்கிறோம் அல்லவா, அதற்கும் இதை ஒரு மருந்தாக வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 9

"மிஷனரிகள் பள்ளி கட்டியதே வேதம் சொல்லித்தரத்தான். அதை நீக்கினால் இது என்ன கிறிஸ்தவப் பள்ளி?" என்று கேட்டவர் இன்றைக்குக் கேட்டது பொருத்தம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706 ஜூலை 9. அடுத்த ஆண்டே அங்கே பள்ளி நடந்தது, பெண் பிள்ளைகளுக்கும்கூட. லூத்தரின் ஞானோபதேசம் (கேள்வி-பதிலாக அமைந்த சமயப் பாடநூல்) அங்கே பாடம். அதற்கும் முன்னால் போனால், 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். இந்திய மொழி ஒன்றில் அதன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூல் தமிழ் நூல், அதுவும் ஞானோபதேச நூல். எழுத்து அச்சுக்கு வந்ததற்கும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததற்கும் வேதம் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. என் பாட்டி எழுத்துக் கூட்டப் படித்ததே மிஷன் பள்ளியில்தான்.

ஆனால் அந்தக் காலத்து மிஷனரிக்குச் சம்பளம் டென்மார்க் அரசரிடமிருந்தும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் வந்தது. எனக்குத் தமிழ்நாட்டுக் கருவூலத்திலிருந்து வருகிறது. சுடலைமாடனுக்குக் கொடை வரி கொடுக்கிறவரும் அந்தக் கருவூலத்துக்கு வரி கட்டுகிறார்.

ஜூலை 9, மீண்டும்

நான் வேதபாடத்தை நீக்கச் சொல்லவே இல்லை. மேலே படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஜூலை 16

நேற்று காமராசர் பிறந்தநாள். ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவு வந்துவிட்டது. இன்று கிச்சடி. தட்டில் விழுந்ததும் தலைமையாசிரியர் பழக்க தோஷத்தில் "ஜெபிப்போம்" என்றார். பிள்ளைகளும் கண்ணை மூடினார்கள். ஒருவன் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்துத் தட்டில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தான். அவன் போதகர் வீட்டுப் பிள்ளை.

சாப்பாட்டு ஜெபம் பற்றித்தான் இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது நீளமில்லை, யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் வழிபாடு வழிபாடுதான். கதை கேட்பதற்குச் சம்மதம் வாங்கிவிட்டு, பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'ஆமென்' சொன்ன பிறகு சாப்பிடு என்பது என்ன நியாயம்? நான் சொன்ன யோசனை: அரை நிமிடம் அமைதி, அவரவர் வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி நன்றி சொல்லட்டும், பிறகு சமையல் அக்காவுக்கு எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஒரு நன்றி. தலைமையாசிரியர், "யோசிக்கலாம்" என்றார். அரசுத் துறையில் அதற்குப் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை 21

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதியிருப்பது இந்த விவாதத்துக்கு மிக வேண்டியது. இலங்கையில் சமயம் பள்ளிக்கூடப் பாடம். சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்று தனித்தனிப் பாடநூல்கள், அரசே அச்சிட்டுக் கொடுக்கிறது, சாதாரண தரப் பரீட்சை என்னும் பள்ளிப் பொதுத் தேர்வு வரை தொடர்கிறது. சமயப் பாடவேளையில் பிள்ளைகள் அவரவர் வகுப்பறைக்குப் பிரிந்து போகிறார்கள். "யாரும் மரத்தடிக்குப் போவதில்லை, எல்லோருக்கும் ஆசிரியர் இருக்கிறார்" என்கிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரே அடுத்த வரியில், "பத்தாண்டு பக்கத்தில் இருந்து படித்த நண்பனின் சமயத்தைப் பற்றி ஒரு வரிகூட எனக்குத் தெரியாது" என்றும் எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. 1944ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் சமயக் கல்வியையும் அன்றாட வழிபாட்டையும் கட்டாயமாக்கியது, பெற்றோர் விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டின் சமய மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதையும் மற்ற முக்கியச் சமயங்களையும் பாடத்திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. எல்லோரும் ஒரே அறையில், பல சமயங்கள். எனக்கு இது பிடிக்கிறது. ஆனால் தீபாவளியைப் பற்றியும் ரமலானைப் பற்றியும் சொல்லித்தர எனக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? எங்கள் வகுப்பில் அதைச் செய்யக்கூடியவர்கள் பிள்ளைகள்தான். சென்ற ரமலானில் நோன்புக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவார்கள் என்பதை மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை அடுப்பு மூட்டுவதிலிருந்து விளக்கினாள். கஞ்சிக்குள் கறி போடுவார்கள் என்ற செய்தி கிறிஸ்தவப் பிள்ளைகளிடம் உண்டாக்கிய மரியாதையை எந்தப் பிரசங்கமும் உண்டாக்கியிருக்காது.

ஜூலை 28

சம்மதச் சீட்டு அனுப்பினேன். 'காலைக் கதை வேளையில் வேதாகமக் கதைகள் சொல்லப்படும். ஜெபம் கட்டாயமில்லை. உங்கள் பிள்ளை கலந்துகொள்ளலாமா?' அவ்வளவுதான்.

பெரும்பாலும் கையெழுத்தோடு திரும்பின. ஓர் அப்பா, 'கதை சரி. பாட்டு சரி. பெயரை மாற்றக் கூடாது' என்று எழுதியிருந்தார். சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அந்தப் பயம் எங்கோ இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது. மறுத்து வந்த ஒரே சீட்டு ஒரு பெந்தெகொஸ்தே குடும்பத்திலிருந்து. எங்கள் சபையில் நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம், உங்கள் புத்தக ஜெபம் வேண்டாம் என்று. கிறிஸ்தவ நிர்வாகத்தின் கிறிஸ்தவ வகுப்பிலிருந்து விலகியது ஒரு கிறிஸ்தவப் பிள்ளை. தாளாளரிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 29

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்தேன். திரும்பி வந்த கையெழுத்துகள் எந்த அளவுக்குச் சம்மதம்? ஒரு பாட்டி சீட்டை நேரில் கொண்டுவந்தார். "நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்று பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பேரன் இலவசமாகப் படிக்கிற பள்ளியில், அவனை அன்றாடம் பார்த்துக்கொள்கிற ஆசிரியரிடம், முடியாது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? பெந்தெகொஸ்தே அப்பாவுக்கு இடம் இருக்கிறது, அவர் பின்னால் ஒரு சபை நிற்கிறது. சட்டம் சம்மதம் என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறது. அந்தப் பாட்டியிடம் அது போதாது. ஆகவே கையெழுத்து வந்துவிட்டது என்பதற்காக ஜெபத்தை மெல்ல உள்ளே கொண்டுவருகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், வேண்டாம்.

ஆகஸ்ட் 4

'கிறிஸ்தவ நற்பண்பு' என்று கேள்வியில் இருந்ததை யாரும் தொடவே இல்லை. கதை, கட்டளை, ஜெபம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதியின் பெயரால் உடன்படிக்கிற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எங்கள் மாவட்டம். கயிறு உயர்நிலைப் பள்ளியில் தெரிகிறது, ஆனால் ஆரம்பம் எங்களிடம்தான்.

ஜூன் மாதம் ஓர் அம்மா என்னிடம் வந்து, "என் பிள்ளையை அந்தத் தெருப் பிள்ளையோடு உட்கார வைக்காதீர்கள்" என்றார். மெதுவாக, மரியாதையாகச் சொன்னார். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருப்பவர். 'அந்தத் தெருப் பிள்ளை'யும் அதே ஆலயத்துக்குத்தான் போகிறது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சையில் ஏராளமானோர் சபையையே விட்டு விலகினார்கள். இந்த அம்மா விலகவில்லை. இடம் மாற்றத்தான் கேட்டார்.

நான் சீட்டுப் போட்டு இடம் மாற்றுகிறேன், திங்கள்தோறும். அந்த வாரம் சீட்டில் அவர் பிள்ளைக்கு விழுந்தது அதே பிள்ளையின் பக்கம். (சீட்டு நான் எடுத்ததில்லை, ஒன்றாம் வகுப்புக் குழந்தை எடுத்தது. நம்புகிறவர் நம்பலாம்.) தாளாளர் கேட்கிற நற்பண்பை ஊட்ட எனக்குத் தெரிந்த வேளை அந்தத் திங்கள் காலைதான். நல்ல சமாரியன் கதையை நடிக்க வைத்து, கழுதையாக யார் வருவது என்று சண்டை தீர்த்துவைப்பதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை கேட்டவர்களைச் சுட்டது, சமாரியனோடு பேச்சு வார்த்தை இல்லாத ஊரில் சொன்னதால். எங்கள் ஊரில் அந்த இடத்தில் எந்தத் தெருக்காரரை வைப்பது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும், எல்லோருக்கும் விடை தெரியும்.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்ட புது ஆசிரியர் திரும்பி வந்திருக்கிறார். பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துவிட்டாராம், சீட்டும் அனுப்பியிருக்கிறார். முதல் பருவத்துக்கு எந்தக் கதைகள் என்று கேட்கிறார்.

திராட்சைத் தோட்டம், சமாரியன், கெட்ட குமாரன் (மூத்தவன் கோபம் நியாயமா என்று விவாதம் வையுங்கள், வகுப்பு இரண்டாகப் பிளக்கும்), ரூத், யோசேப்பும் அண்ணன்மாரும். இவை போதும். நோவா சொன்னால், பேழைக்கு வெளியே இருந்த குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்பார்கள். பதில் இருந்தால் சொல்லுங்கள். ஈசாக்கைப் பலியிடப் போன கதையைத் தொடக்கப்பள்ளியில் தொடாதீர்கள், அப்பாவுக்குப் பயந்த பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். தாவீதும் கோலியாத்தும் சொல்வதற்கு முன் பையன்களின் பைகளைச் சோதித்துவிடுங்கள். சொன்ன பிறகு சோதிப்பதில் பயனில்லை, எங்கள் சத்துணவுக் கூடத்தின் ஓடு அதற்குச் சாட்சி.

வேதபாடத் தேர்வை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். மதிப்பெண்ணையும் பரிசையும் நிறுத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்து நாளாயிற்று, பதில் இல்லை. அதுவரை நடத்தித்தான் ஆக வேண்டும். அதற்குத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒதுக்கினால் போதும். வசனங்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். விரும்பாத பிள்ளையை எழுத வைக்காதீர்கள். பரிசு பெரும்பாலும் ஓர் இந்துப் பிள்ளைக்குப் போகும். அப்போது தாளாளர் மேடையில் என்ன பேசுகிறார் என்பதை மறக்காமல் இங்கே வந்து எழுதுங்கள்.